நாலு பேர் கண்ணும் ஒரு கேமராவும்

2023 மாசியில் எங்க மாமா செத்தார். அம்மாவோட தம்பி. விழுப்புரம் பக்கம், எங்க சேரியை ஒட்டிப் போகிற தார்ரோட்டில் விடியற்காலை சைக்கிளில் கரும்பு வெட்டப் போனார். எதிரே நின்ற பஸ்ஸை முந்த வலதுபக்கம் ஏறி வந்த ஒரு கார் அவரை அடித்துத் தூக்கிப் போட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே உயிர் போய்விட்டது.

பஸ்ஸுக்கு நின்றிருந்த எங்க தெருப் பெண்கள் நாலு பேர் பார்த்தார்கள். வெள்ளைக் கார், ஊர்த்தெரு வண்டி என்று ஸ்டேஷனில் சொன்னார்கள்.

"நாலும் ஒங்க தெருவுதானே? வெளியாளு யாராச்சும் பாத்திருந்தா இட்டா."

முதல் தகவல் அறிக்கையில் 'அடையாளம் தெரியாத வாகனம்' என்று எழுதினார்கள். அந்த மூன்று சொல்லுக்கு விலை உண்டு. வண்டி தெரியாத சாவுக்கு அரசுத் திட்டம் தருவது 2 லட்ச ரூபாய். அதுவும் 2022 ஏப்ரலுக்குப் பிறகுதான். அதற்கு முன் 25,000. வண்டி நம்பர் தெரிந்தால், செத்தவரின் வயது, கூலி, அவரை நம்பியிருந்தவர்கள் எல்லாவற்றையும் கணக்குப் பார்த்துத் தீர்ப்பாயம் இன்சூரன்ஸ் கம்பெனியிடம் வாங்கித் தரும். அத்தையும் மூன்று பிள்ளைகளும் எதில் பிழைப்பது என்பதை ஒரு போலீஸ் பேனா முடிவு செய்துவிட்டது.

மூன்றாம் நாள் ராத்திரி ஒரு பையன் வந்தான். டவுனில் சாப்பாடு டெலிவரி பண்ணுகிறவன். ஹெல்மெட்டில் கேமரா மாட்டியிருப்பான். ஏண்டா இது என்று முன்பு ஒருநாள் கேட்டதற்கு, "எது நடந்தாலும் நம்ம மேலதாண்ணே எழுதுவாங்க" என்றான். அன்றைக்கு மாமாவுக்குப் பின்னால் வந்தவன் அவன்தான். காரின் முகப்பும் நம்பரும் பளிச்சென்று விழுந்திருந்தன.

"அண்ணே, எங்கம்மா அவங்க கொல்லையிலதான் வேலை செய்யுது. வீடியோவ எடுத்துக்க. எம்பேரு வேணாம்."

பேரில்லாத வீடியோவைக் கோர்ட்டு மதிக்காது. எடுத்தவன் கூண்டேறி அசல் மெமரி கார்டைத் தன்னுடையதுதான் என்று நிரூபித்தால் அதுவே சாட்சி. நகல் கொடுத்தால் சாட்சியச் சட்டம் 65பி சான்றிதழ் வேண்டும். 2020இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. (2024 ஜூலையிலிருந்து அது புதிய சட்டத்தில் பிரிவு 63. சான்றிதழில் நிபுணர் கையெழுத்தும் வேண்டும்.) இதை நான் சொல்லி முடிப்பதற்குள் அவன் அம்மா உள்ளே வந்துவிட்டது. பார்த்த நாலு பேரில் அதுவும் ஒன்று.

"நான் பேரக் குடுத்து ரெண்டு நாளாச்சி. நீ இன்னாடா ஒளியற?"

நல்லவேளை, கார்டை அன்றே கழற்றி வைத்திருந்தான். இடம் தீர்ந்தால் கேமரா பழையதை அழித்து அதன்மேலேயே எழுதிக்கொண்டு போகும். இன்னும் ரெண்டு நாள் ஓட்டியிருந்தால் மாமாவின் சாவு மேல் பிரியாணி டெலிவரி பதிவாகியிருக்கும். கேமராக் கடிகாரம் மட்டும் தப்பான தேதி காட்டியது. பேட்டரி தீர்ந்தபோது பழைய தேதிக்குப் போய்விட்டதாம். எதிர்த்தரப்பு வக்கீல் இன்றுவரை அதைத்தான் பிடித்துத் தொங்குகிறார்.

வீடியோவைப் பார்த்த அதிகாரி உடனே கார் நம்பரைச் சேர்த்தார். பையனும் எங்க ஆள்தான். அவன் வைத்திருந்த கண்ணாடி மட்டும் எங்க ஆள் இல்லை. "வீடியோவே போதும், அந்தப் பொம்பளைங்க எதுக்கு?" என்றார்.

போதாது என்றேன். இடித்த நொடி வரைக்கும்தான் படம் இருக்கிறது. பையன் ஹெல்மெட்டைக் கழற்றி எறிந்துவிட்டு மாமாவைத் தூக்க ஓடினான். அதற்கப்புறம் வீடியோவில் வானமும் பெண்களின் அலறலும்தான். காரிலிருந்து ஒருவன் இறங்கினான். கீழே கிடக்கிறவர் யாரென்று எட்டிப் பார்த்தான். திரும்ப ஏறிப் போனான். அதைக் கேமரா பார்க்கவில்லை. அந்த நாலு பேர்தான் பார்த்தார்கள். நாலு வாக்குமூலத்தையும் எழுதவைக்க மூன்று மாதம் அலைந்தோம்.

வழக்கு நடக்கிறது. பையனின் அம்மாவுக்கு அந்தக் கொல்லையில் இப்போது வேலை இல்லை. எங்க தெருப் பையன்கள் காசு சேர்த்து இன்னும் ரெண்டு கேமரா வாங்கியிருக்கிறார்கள். வாங்கட்டும், வேண்டியதுதான். ஆனால் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு அந்த அம்மா கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை:

"இது பாத்தாத்தான் நெசம்னா, எங்க கண்ணு இன்னாத்துக்குடா?"