ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கார்டு வேட்டை!

அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பிப் பத்தடி வைத்தால் போதும். 'தம்பி, லேப்டாப்பா? சிசிடிவியா? சர்வீஸா?' என்று மூன்று குரல்கள் மூன்று பக்கம் இழுக்கும். அதுதான் ரிச்சி ஸ்ட்ரீட்! ஒரு காலத்தில் ரேடியோ பார்ட்ஸுக்குப் பேர்போன இடம். பேருக்குத்தான் ஒரு தெரு. நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு, வாலர்ஸ் ரோடு என்று அக்கம்பக்கத்தையும் சேர்த்துத்தான் எல்லோரும் 'ரிச்சி' என்கிறோம். அரசினர் தோட்டம் மெட்ரோவிலோ சிந்தாதிரிப்பேட்டை ஸ்டேஷனிலோ இறங்கினால் நடந்தே வந்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்துடாதீங்க மக்களே, பெரும்பாலான ஷட்டர் மூடியிருக்கும்.

நான் போனது ரூம்மேட்டோடு. அவனுக்கு ஃபைனல் இயர் புராஜெக்ட். நெல் இலையை போட்டோ எடுத்துக் காட்டினால் என்ன நோய் என்று சொல்லும் சாஃப்ட்வேர். அதை 'டிரெய்ன்' பண்ண கிராஃபிக்ஸ் கார்டு வேணும். கையில் இருந்தது 8,000 ரூபாய். ஒன்பதாம் கிளாஸ் பசங்களுக்கு டியூஷன் எடுத்துச் சேர்த்த காசு. தப்பான கார்டு வாங்கிட்டா, அடுத்தது வாங்க அடுத்த வருஷம்தான்!

பழைய சரக்கு விற்கும் கடைகளுக்குப் போக, ஆள் ஒருக்களித்து ஏறுகிற மாடிப்படி. மேலே அட்டைப்பெட்டி நிறைய கார்டுகள், தேங்காய் மாதிரி குவித்துக் கிடக்கின்றன. அடியில் கையை விட்டால் ஏ.ஜி.பி. ஸ்லாட் காலத்துக் கார்டே வருகிறது. 1999-ல் என்விடியா 'உலகின் முதல் ஜி.பி.யு.' என்று தம்பட்டம் அடித்து இறக்கிய ஜிஃபோர்ஸ் 256-ல் இருந்த மெமரி வெறும் 32 எம்.பி. இன்றைக்கு ஒரு குட்டி வீடியோ க்ளிப்புக்கே அது பத்தாது.

கடைக்கார அண்ணன் முதலில் நீட்டியது புத்தம்புது ஜி.டி. 730. 'நாலு ஜி.பி. தம்பி, சீல் பிரிக்காத பீஸு!' ரூம்மேட் கண்ணில் பல்பு எரிந்தது. இங்கேதான் பாஸ் உஷாரா இருக்கணும். ஜி.பி. என்பது தண்ணீர் டேங்க் சைஸ். எவ்வளவு பெரிய டேங்க் இருந்தாலும் குழாய் ஒல்லியா இருந்தா பக்கெட் நிரம்பாது. அந்தக் குழாய்க்குப் பெயர் 'பேண்ட்வித்'. 64 பிட் டி.டி.ஆர்.3 மெமரி போட்ட ஜி.டி. 730-ல் அது நொடிக்குச் சுமார் 14 ஜி.பி.தான். அதே 2014-ல் வந்த ஜி.டி.எக்ஸ். 750 டி.ஐ.-யில் டேங்க் 2 ஜி.பி.தான், ஆனால் குழாய் 86.4 ஜி.பி.! பாதி மெமரி, ஆறு மடங்கு வேகம்.

அந்த 86.4-க்குப் பின்னால் இன்னொரு கதை இருக்கு. 2006-ல் ராஜாவாக வலம் வந்த ஜிஃபோர்ஸ் 8800 ஜி.டி.எக்ஸ்.-ன் பேண்ட்வித்தும் அதே 86.4 ஜி.பி.தான். அதற்கு 384 பிட் பாதை, 150 வாட்டுக்கு மேல் கரன்ட். 750 டி.ஐ.-க்கு 128 பிட், 60 வாட். எட்டு வருஷத்தில் அதே வேலையைப் பாதிக்கும் குறைவான கரன்டில் முடித்துவிட்டார்கள்.

சரி, 'கோர்' எண்ணிக்கையைப் பார்த்து வாங்கலாமா? அதுவும் ஆளைக் கவிழ்க்கும். 2017-ல் வந்த ஜி.டி.எக்ஸ். 1080 டி.ஐ.-யிலும் 3584 கோர், 2021-ல் வந்த ஆர்.டி.எக்ஸ். 3060-லும் 3584 கோர். ஆனால் முதலாவது 484 ஜி.பி. வேகம், 250 வாட். இரண்டாவது 360 ஜி.பி., 170 வாட். கோரை எண்ணும் கணக்கே இடையில் மாறிவிட்டது. கீழே கண்ணாடி ஷோகேஸில் மின்னுகிற 2023-ன் ஆர்.டி.எக்ஸ். 4060-ஐப் பாருங்க. 3060-ன் பிரபலமான மாடலில் 12 ஜி.பி. இருந்தது, இதில் 8 ஜி.பி.தான். புதுசு என்றால் எல்லாமே கூடும் என்று யார் சொன்னது?

நம் பட்ஜெட்டுக்கு வந்து நின்றவை இரண்டு செகண்ட் ஹேண்ட் கார்டுகள். ஒன்று 2016-ன் ஜி.டி.எக்ஸ். 1060: 6 ஜி.பி., 1280 கோர், 192 ஜி.பி. வேகம். (இதே பெயரில் 3 ஜி.பி. கார்டும் உண்டு, அதில் கோர் 1152தான். ஸ்டிக்கரைத் திருப்பிப் பாருங்க!) இன்னொன்று 2019-ன் ஜி.டி.எக்ஸ். 1650: 4 ஜி.பி., 896 கோர், 128 ஜி.பி. பேப்பரில் பார்த்தால் பழசுதான் மாஸ்!

'பழசையே எடுத்துடலாம் மச்சி' என்றான் ரூம்மேட். இரண்டு சிக்கல். 1060-க்கு 120 வாட் வேணும். ஸ்லாட் கொடுப்பது 75 வாட்தான், மீதிக்குத் தனி வயர் வேணும். அவனுடைய பழைய ஆபீஸ் டெஸ்க்டாப்பின் எஸ்.எம்.பி.எஸ்.-ல் அந்த வயரே கிடையாது. அடுத்தது, 2025-ல் வந்த கூடா 13, 1060-ன் தலைமுறையைக் கைகழுவிவிட்டது. கூடா 12-ஐ வைத்து ஓட்டலாம். ஆனால் வருஷா வருஷம் பழைய வெர்ஷனைக் கட்டி மேய்க்கணும்.

'அண்ணே, 1650-ல ஜி.டி.டி.ஆர்.6 வந்திருக்கா?' என்று கேட்டோம். 2020-ல் அதே பெயரில் வந்த மாடல் அது. பேண்ட்வித் 192 ஜி.பி., அதாவது 1060-க்குச் சரிசமம்! அண்ணன் ஒரு நிமிஷம் எங்களைப் பார்த்துவிட்டு, 'படிச்சுட்டுதான் வந்திருக்கீங்க' என்று சிரித்தபடி உள்ளே போய் இரண்டு எடுத்து வந்தார். ஒன்றுக்குத் தனி வயர் தேவையில்லை. கடை சிஸ்டத்திலேயே மாட்டி ஜி.பி.யு.-இசட் ஓட்டிப் பார்த்தோம். மெமரி டைப், 192 எல்லாம் ஓகே. பேரம் முடிந்து 700 ரூபாய் மிச்சம். மெமரி 4 ஜி.பி. என்பதால் ஒரு நேரத்தில் குறைவான படங்களைத்தான் ஊட்ட முடியும். ராத்திரி முழுக்க ஓடவிட்டால் காலையில் வேலை முடிந்திருக்கும், போதும்.

நீங்க போறதா இருந்தா: உங்க எஸ்.எம்.பி.எஸ். ஸ்டிக்கரையும் வயரையும் போட்டோ எடுத்துட்டுப் போங்க. கார்டின் முழுப் பெயர், மெமரி டைப், பிட், வாட் நாலையும் கேளுங்க. கடையிலேயே ஓட விட்டு, ஃபேன் சத்தம் கேட்டுப் பார்த்து, டெஸ்டிங் வாரன்டி எத்தனை நாள் என்று பில்லில் எழுதி வாங்குங்க. பயாஸை மாற்றி, பழைய சிப்புக்குப் புதுப் பெயர் வைத்த டூப்ளிகேட்டும் சந்தையில் சுத்துது. ஜி.பி.யு.-இசட் அதைப் பெரும்பாலும் காட்டிக் கொடுத்துவிடும். 'ஓட்டிக் காட்ட முடியாது தம்பி' என்றால் விடு ஜூட். பக்கத்துலேயே அடுத்த மாடிப்படி இருக்கு!