உடம்புக்கும் ஊர் பழக வேண்டும்

விடிவதற்கு முன்பே உத்திரமேரூர்ச் சாலைகளில் கம்பெனி பஸ்கள் வந்து நிற்கின்றன. ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் போகிற பிள்ளைகள் தூக்கம் கலையாத கண்களோடு ஏறிக்கொள்கிறார்கள். இவர்களுடைய தாய்மார் இதே நேரத்தில் நாற்றுப் பறிக்கக் கழனிக்குப் போனவர்கள். இந்த மாற்றத்தை நாம் சம்பளத்தால் அளக்கிறோம். உடம்பு தூக்கத்தாலும் மூச்சாலும் அளக்கிறது. அதைப் பற்றித்தான், பிள்ளைகளே, உங்களிடம் பேச விரும்புகிறேன்.

எங்கள் தெருப் பெண் ஒருத்தி பன்னிரண்டாவது முடித்ததும் அப்படி வேலைக்குப் போனாள். விடுதி வாசம், இரவு ஷிப்ட், புது முகங்கள். ஒருநாள் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு படபடவென்று அடித்து, மூச்சு முட்டி, விரல்கள் மரத்துவிட்டன. “செத்துடுவேன் போல இருக்குது” என்று பக்கத்திலிருந்தவளின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் இ.சி.ஜி. எடுத்துப் பார்த்து “ஒன்றுமில்லை” என்றார்கள். அந்தச் சொல்தான் அவளை அதிகம் வதைத்தது. வீட்டில் காற்று கருப்பு என்று வேப்பிலை அடித்தார்கள். அக்கம்பக்கத்தார் வாயு என்று சோடா வாங்கிக் கொடுத்தார்கள். எல்லாம் அன்பினால் செய்தவைதான். ஆனால் நடந்தது என்ன என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

நான் சொல்கிறேன். ஆபத்து என்று மூளை கருதிவிட்டால், சிறுநீரகங்களின் மேல் உள்ள சுரப்பிகள் அட்ரினலினைக் கொட்டுகின்றன. ஓடவோ எதிர்க்கவோ உடம்பு தயாராகிறது. அதனால் இதயம் வேகமாக அடிக்கிறது, வியர்க்கிறது, வயிற்றைப் பிரட்டுகிறது. மூச்சு வேகமாகும்போது இரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. விரல்களும் உதட்டோரமும் மரப்பதும் தலை கிறுகிறுப்பதும் அதனால்தான். பல்லவர் காலத்தில் வைரமேகத் தடாகம் என்று பெயர் பெற்ற நம் உத்திரமேரூர் ஏரியின் மதகைத் திறந்தால், வந்த தண்ணீர் கால்வாயில் ஓடி வடிந்துதானே தீரவேண்டும்? இதுவும் அப்படியே. பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சிக்கு ஏறி, அரை மணிக்குள் வடிந்துவிடும். அதற்குள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. உட்கார்ந்து, மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்குங்கள். மெல்ல, மெல்ல விடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. இந்தப் படபடப்பு முதல் முறை வந்தால் இன்னதென்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். இரத்தசோகையும் தைராய்டும் இதே படபடப்பைத் தரும். நெஞ்சு வலி தோளுக்கோ தாடைக்கோ பரவினால் 108ஐ அழையுங்கள். இதயத்தில் குறையில்லை என்று மருத்துவர் சொன்ன பிறகுதான் அடுத்த பேச்சு.

இப்படி வருவது கோழைத்தனமா என்று அந்தப் பெண் என்னைக் கேட்டாள். 1891இல் லண்டனில் பாரிஸ்டர் பட்டம் பெற்றுத் திரும்பிய காந்தி, பம்பாயில் தன் முதல் வழக்குக்காக எழுந்து நின்றார். தலை சுற்றியது. கேட்க ஒரு கேள்வியும் வரவில்லை. உட்கார்ந்துவிட்டார். வாங்கிய 30 ரூபாயைத் திருப்பிக் கொடுத்து, வேறு வக்கீலை வைத்துக்கொள்ளச் சொன்னார். தென்னாப்பிரிக்கா போகும்வரை மறுபடி கோர்ட்டில் வாதாடவில்லை. இதையெல்லாம் தம் சத்திய சோதனையில் அவரே எழுதி வைத்திருக்கிறார். பின்னாளில் சிறைக்கு அஞ்சாத மனிதரின் உடம்பு அது. ஒருநாள் நடுங்கியதை வைத்து யாரையும் எடை போட முடியாது; உங்களையும்தான்.

எங்கள் தலைமுறை ஆண்கள் இதைச் சொல்லாமலே காலம் கழித்தோம். தந்தை காலமாகி வீட்டுப் பொறுப்பு என் தலையில் விழுந்த ஆண்டில், நடு இரவில் நெஞ்சு அடித்து எழுந்து உட்கார்ந்த நாட்கள் எனக்கும் உண்டு. தாங்கினேன். தாங்குவது நல்ல குணம், அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் பொறுப்பது வேறு, புதைப்பது வேறு. புதைத்தது முளைக்கும்.

அந்தப் பெண் முதலில் பஸ்ஸை விட்டாள். பிறகு சந்தையை விட்டாள். கடைசியில் கோயில் கூட்டத்துக்கும் போகாமலானாள். அச்சத்துக்கு ஒரு படி விட்டுக்கொடுத்தால் அது அடுத்த படியையும் கேட்கும். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் அவளை அந்தப் படிகளிலேயே திரும்ப ஏற்றினார். முதல் நாள் நின்ற பஸ்ஸில் சும்மா உட்காருவது. பிறகு ஒரு நிறுத்தம். பிறகு இரண்டு. நடுவில் ஒருமுறை அழுதுகொண்டே இறங்கி வந்தாள். மறுநாள் மறுபடி ஏறினாள். நான் மதிக்கிற பொறுமை அதுதான். இப்போது பகல் ஷிப்டுக்கு வீட்டிலிருந்தே போய் வருகிறாள். விடுதிக்குத் திரும்பவில்லை, திரும்ப வேண்டிய கட்டாயமும் இல்லை.

மருத்துவரைத் தேடிப் போகக் கூச்சமாக இருந்தால், 2022 அக்டோபரிலிருந்து இயங்கும் டெலி மனாஸ் மனநல உதவி எண் 14416 இருக்கிறது. காசு இல்லை, எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

பெற்றவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வேலைக்கோ கல்யாணமாகியோ வெளியூர் போன பிள்ளை ராத்திரி இரண்டு மணிக்குப் போன் செய்து, “நெஞ்சு அடிச்சிக்குதும்மா” என்றால், “உனக்கு என்ன குறை வெச்சோம்?” என்று கேட்காதீர்கள். மூச்சை மெல்ல விடச் சொல்லுங்கள். அது அடங்கும்வரை போனை வைக்காமல் பேசிக்கொண்டிருங்கள். விடிந்ததும் முதல் பஸ் ஏறிப் போய்ப் பாருங்கள்.