தந்தை வாசித்த ஒரு கதை

சாண்ட்ரா சிஸ்நெரோஸ் தன் தந்தையைப் பற்றி எழுதிய சிறு கட்டுரையை நான் அடிக்கடி எடுத்து வாசிப்பதுண்டு.

1954இல் சிக்காகோவில் பிறந்தவர் அவர். ஆறு சகோதரர்களிடையே ஒரேயொரு பெண். மெக்சிக்கோவிலிருந்து வந்த தந்தை சோபாக்களுக்கு மெத்தையும் உறையும் தைப்பவர். தனக்கு ஏழு 'இஹோஸ்' என்று எல்லோரிடமும் சொல்வார். ஸ்பானிய மொழியில் அச்சொல் பிள்ளைகளையும் குறிக்கும், ஆண்மக்களையும் குறிக்கும். அந்த இரட்டைப் பொருளுக்குள் மகள் காணாமற் போனாள்.

அயோவாவின் எழுத்துப் பட்டறையில் சக மாணவர்கள் வீடு பற்றிப் பேசியபோது, அது தான் வாழ்ந்த வீடல்ல என்றுணர்ந்தார். அந்த உணர்விலிருந்து பிறந்ததே 1984இல் வெளியான 'மாங்கோ வீதியின் வீடு'.

ஆனால், தந்தை ஆங்கிலம் வாசிப்பவரல்லர். ஸ்பானியத்தில் பெயர்க்கப்பட்ட மகளின் கதையொன்றை ஒரு நத்தார் காலத்தில் வாசித்தார். வாசித்து முடித்ததும், உறவினர்களுக்குக் கொடுக்க இன்னும் பிரதிகள் எங்கே கிடைக்கும் என்று கேட்டார்.

1995இல் மக்ஆர்தர் விருதும் அவருக்குக் கிடைத்தது. எனக்கோ அந்தக் கேள்விதான் பெரிதாகப்படுகிறது. உலகம் வாசித்தாலும், வீடு வாசிக்காதவரை எழுத்தாளனுக்கு ஏது நிறைவு? மொழிபெயர்ப்பு அன்று ஒரு மகளைத் தந்தையிடம் கொண்டு சேர்த்தது.