குழாய் உறையும் நேரம்

பாம்புக்கடி வந்தால் மூச்சு, நாடி, இமை மூன்றையும் பார்த்த கையோடு புதிய கண்ணாடிக் குழாய் கேட்பேன். சோப்புப் போட்டுக் கழுவிய குழாய் ஆகாது. அதில் நல்ல ரத்தமும் உறையாமல் நம்மை ஏமாற்றிவிடும். 2 மில்லி ரத்தத்தை அதில் விட்டு, 20 நிமிடம் அசைக்காமல் வைக்க வேண்டும். சாய்க்கும்போது ரத்தம் ஓடினால், ரத்தத்தை உறையவிடாத விரியன் விஷம் ஏறியிருக்கிறது.

பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு இந்தச் சோதனை சீக்கிரம் பிடிபட்டுவிடும். அந்த 20 நிமிடத்தைக் கடக்கப் பழகத்தான் நாளாகும். "கடிபட்டவனைக் கிடத்திட்டு வேடிக்கையா பாக்குறீங்க?" என்று வாசலில் குரல் எழும். அதன் பின்னால் கூட்டம் சேரும்.

எங்கள் சீஃப் அந்தக் குரல் எழவே விடமாட்டார். கூட வந்தவர்களில் நிதானமானவரைப் பார்த்து, "தம்பி, இங்க வாங்க. மணி பாத்துக்குங்க. இருபது நிமிஷம் ஆனதும் நீங்கதான் என்னைக் கூப்பிடணும்" என்பார். அவர் கண்ணெதிரே குழாயைச் சாய்ப்பார். பார்த்தவர் வெளியே போய்ச் சொன்னால் ஊரே நம்பும்.

பாம்பு விஷமுறிவு மருந்தான ஏ.எஸ்.வி.யை ஏற்றுமுன் அட்ரினலினை எடுத்து வைத்துக்கொண்டு, "இந்த மருந்தே சிலருக்கு ஒத்துக்காது. உடம்பு தடிக்கலாம், மூச்சு முட்டலாம். அதுக்கு இந்த ஊசி" என்று சொல்லிவிடுவார். ஒருமுறை ஹவுஸ் சர்ஜன் ஒருவர் இதைச் சொல்லாமல் மருந்தை ஏற்றினார். நோயாளிக்கு உடம்பெல்லாம் தடித்தது. அட்ரினலினைச் சரியாகப் போட்டு அவரைத் தேற்றியும், "தப்பான ஊசி" என்று அண்ணன்காரர் டாக்டரின் சட்டையைப் பிடித்துவிட்டார். சீஃப் திட்டவில்லை. அடுத்த கடிக்கு அந்த ஹவுஸ் சர்ஜனையே பேசவிட்டுப் பக்கத்தில் நின்றார்.

எல்லா அடியையும் பேசித் தடுத்துவிட முடியாது. 2024 நவம்பரில் சென்னை கிண்டி அரசு மருத்துவமனையில், பணியிலிருந்த புற்றுநோய் மருத்துவரை நோயாளி ஒருவரின் மகன் கத்தியால் குத்தினார். மருத்துவப் பணியாளரைத் தாக்குவதற்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2008 முதலே தனிச் சட்டம் இருக்கிறது. யாராவது கைநீட்டினால் புகார் கொடுங்கள். வெட்கப்பட வேண்டியவர் நீங்கள் இல்லை. காவலரையும், கூட்டத்தை நிறுத்தும் கதவையும் கேட்டு வாங்குங்கள்.

அந்தக் கதவுக்கு உள்ளே நோயாளியின் ஆள் ஒருவர் இருக்கட்டும். கை ஓயாத இரவிலும் அவரிடம் அடுத்து என்ன செய்யப்போகிறோம், ஏன் என்று சொல்லிவிட்டுச் செய்யுங்கள். அதுவும் சிகிச்சையில் சேர்ந்த வேலைதான்.