கறுப்பு அட்டையும் வெற்றுக் கதிரையும்

பல்கலைக்கழக விடுதியில் என் அறைத்தோழனிடம் பிரதி செய்யப்பட்ட ஒலிநாடா ஒன்று இருந்தது. அதைச் சுழலவிட்டால் முதலில் கேட்பது மணியோசை. கோயில் மணியல்ல, மரணவீட்டை நினைவூட்டும் மணி. அது மெல்ல ஒலித்த பின்னரே கிற்றார் தொடங்கும். அந்நாளில் அந்த இரைச்சலில் எனக்கு ஈடுபாடு இருக்கவில்லை. ஆனால் மணியோசை மட்டும் மனதில் தங்கிவிட்டது. அது யாருக்காக ஒலித்தது என்பதைப் பல ஆண்டுகள் கழித்தே அறிந்தேன்.

அந்த அல்பம் ஏசி/டிசி என்ற றொக் இசைக்குழுவின் 'பாக் இன் பிளாக்'. 1963இல் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோவிலிருந்து அவுஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்த குடும்பத்தின் பிள்ளைகளான மல்கம் யங், அங்கஸ் யங் என்னும் சகோதரர்கள், 1973இல் சிட்னியில் இக்குழுவைத் தொடங்கினர். மறு ஆண்டு பொன் ஸ்கொட் பாடகராக இணைந்தார். 1975இல் வெளிவந்த 'ஹை வோல்ற்றேஜ்' முதல் 1979இன் 'ஹைவே டு ஹெல்' வரை அவரது குரலே குழுவின் அடையாளம். உலகம் அவர்களைத் திரும்பிப் பார்க்கத் தொடங்கிய வேளையில், 1980 பெப்ரவரி 19ஆம் திகதி ஸ்கொட் லண்டனில் இறந்தார். வயது 33.

குழுவைக் கலைத்துவிடலாமா என்று சகோதரர்கள் யோசித்தனர். தொடர்ந்து நடத்துங்கள் என்று ஊக்கப்படுத்தியவர்கள் ஸ்கொட்டின் பெற்றோரே. புதிய பாடகராக வந்த பிறையன் ஜோன்சனின் குரலை ஸ்கொட் ஒருகாலத்தில் வியந்து பாராட்டியிருந்தார். பஹாமாஸ் தீவில் ஒலிப்பதிவு நடந்தது. 1980 ஜூலையில், மரணம் நிகழ்ந்து ஐந்தே மாதங்களில் அல்பம் வெளிவந்தது. அட்டை முழுவதும் துக்கத்தின் கறுப்பு. இன்றுவரை ஏறத்தாழ ஐந்து கோடிப் பிரதிகள் விற்றிருக்கலாம் என்பது மதிப்பீடு.

ஐந்து மாதம்! இதை முதன்முதலில் வாசித்தபோது எனக்குக் கசப்பே ஏற்பட்டது. அதற்குக் காரணம் உண்டு.

எங்கள் ஆசிரியபீடத்தில் எனக்குத் தலைப்பு எழுதக் கற்றுத்தந்த மூத்தவர் ஒருவர் இருந்தார். ஒருநாள் பிற்பகல் அவர் மாரடைப்பால் இறந்த செய்தி வந்தது. அன்றிரவும் பத்திரிகை அச்சுக்குப் போக வேண்டும். அவருடைய கதிரையிலேயே அமர்ந்து, அவருடைய மரணச் செய்திக்கு நான் தலைப்பு எழுதினேன். மறுநாள் பத்திரிகை வழக்கம்போல் வெளிவந்தது. வாசகர்கள் எந்த வித்தியாசத்தையும் கண்டிருக்க மாட்டார்கள். அதுவே என்னை நெடுங்காலம் உறுத்தியது.

ஏசி/டிசியின் அல்பங்கள் யாவும் ஒன்றுபோலவே ஒலிக்கின்றன என்பது விமர்சகர்களின் பழைய குற்றச்சாட்டு. 1990இன் 'த ரேசர்ஸ் எட்ஜ்', 2008இன் 'பிளாக் ஐஸ்' ஆகியவற்றைக் கேட்டால் அது பொய்யென்று சொல்ல முடியாது. ஆனால் அந்த மாறாமையைத் தாங்கிப்பிடித்தது மல்கமின் தாளக் கிற்றார். 'பிளாக் ஐஸ்' சுற்றுப்பயணத்தின்போதே அவருடைய நினைவு தளரத் தொடங்கியிருந்தது. தாமே உருவாக்கிய பாடல்களை அவர் மீண்டும் பயின்றே மேடையேற வேண்டியிருந்தது. மறதிநோயால் அவர் விலக, 2014இல் வெளிவந்த 'றொக் ஓர் பஸ்ற்' அல்பத்தில் அண்ணன் மகன் ஸ்டீவி யங் அவ்விடத்தில் அமர்ந்தார். 2017 நவம்பரில் மல்கம் தமது 64ஆவது வயதில் மறைந்தார்.

2020 நவம்பரில் 'பவர் அப்' வெளிவந்தது. முன்னைய ஆண்டுகளில் சகோதரர்கள் இருவரும் சேர்ந்து உருவாக்கிச் சேமித்து வைத்திருந்த இசைத்துணுக்குகளிலிருந்து அங்கஸ் அதைக் கட்டியெழுப்பினார். பன்னிரண்டு பாடல்களிலும் ஆக்கியோர் பெயராக இருவரது பெயரும் உண்டு. பொன் ஸ்கொட்டுக்கு 'பாக் இன் பிளாக்' எப்படியோ, அப்படியே இது மல்கமுக்கு என்றார் அங்கஸ்.

நாற்பது ஆண்டு இடைவெளியில் இரண்டு அஞ்சலிகள். இரண்டிலும் அவர்கள் அழவில்லை. அறிந்த வேலையைச் செய்தார்கள். கதிரையை நிரப்புவது அதில் இருந்தவரை மறப்பதாகிவிடாது என்பதை இந்த முரட்டு இசையே எனக்கு உணர்த்தியது.

அன்றிரவு நான் எழுதிய தலைப்பில் ஒரு சொல் மிகை. அவர் இருந்திருந்தால் வெட்டியிருப்பார். இன்றும் தலைப்பு எழுதி முடித்ததும் ஒரு சொல்லையாவது வெட்டிவிட்டே அச்சுக்கு அனுப்புகிறேன்.