மெட்ராஸ் முள்ளெலியைப் பார்த்திருக்கீங்களா?

வியாசர்பாடியில் பெருச்சாளி பார்த்திருக்கேன், கீரிகூட பார்த்திருக்கேன். எங்க ஊர் பேரையே சுமக்கிற மெட்ராஸ் முள்ளெலியை மட்டும் இதுவரை நேரில் பார்த்ததில்லை. 1851-ல் ஹார்ஸ்ஃபீல்டு என்ற விலங்கியலாளர், மெட்ராஸில் கிடைத்த முள்ளெலியை வெச்சுதான் இந்த இனத்துக்குப் பெயர் கொடுத்தார். தென்னிந்தியாவைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இது கிடையாது. பேர்லதான் எலி, சாப்பிடுவது பெரும்பாலும் பூச்சிகளை.

தூத்துக்குடி பக்கத்திலிருந்து வந்த எங்க பெரியம்மாவிடம் கேட்டேன். "சின்ன வயசுல தேரிக்காட்டுல அடிக்கடி பார்ப்போம். கக்குவான் இருமலுக்கு அதோட முள்ளைச் சுட்டு, தேன்ல குழைச்சுக் கொடுப்பாங்க. இப்ப ஊருக்குப் போனா ஒண்ணுகூட கண்ணுல படலை" என்றார்.

கக்குவானுக்கு இப்போ ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசத் தடுப்பூசி போடுறாங்க. ஒன்றரை மாதக் குழந்தைக்கே முதல் தவணை உண்டு. அதற்காக ஓர் உயிரைக் கொல்லத் தேவையே இல்லை.

இன்னொரு எமன், சாலை. ஆபத்து வந்தால் முள்ளெலி ஓடாது. பந்தாகச் சுருண்டு அசையாமல் கிடக்கும். நாயிடம் அது பலிக்கும், லாரியிடம் பலிக்காது. கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ரோடு கிராஸ் பண்ணும் வடசென்னைக்காரங்களுக்கு இது நல்லாவே புரியும்!

2025-ல் நான்கு உயிரினங்களின் பாதுகாப்புக்காக ஒரு கோடி ரூபாய் ஒதுக்கிய தமிழக அரசு, சிங்கவால் குரங்கு, கழுதைப்புலியோடு முள்ளெலியையும் அதில் சேர்த்தது. நம் பங்குக்கு, தென் மாவட்டச் சாலைகளில் இரவில் போகும்போது வேகத்தைக் கொஞ்சம் குறைப்போமே!