நேற்றைய கடலில் குளிக்க முடியாது

கலிபோர்னியாவின் சாண்டா மோனிகா கடற்பாலத்தின் ராட்டினம் இன்னும் சுற்றத் தொடங்கவில்லை. கீழே, கணுக்கால் நீரில், ரப்பர் பூட்ஸ் போட்ட ஒருவர் நீண்ட கழியின் நுனியில் சின்னப் பாட்டிலை மாட்டிக்கொண்டு அலைக்காகக் காத்திருந்தார். அலை ஏறி வந்ததும் பாட்டிலை அமிழ்த்தி எடுத்து, மூடி, பனிக்கட்டிப் பெட்டிக்குள் வைத்தார். ஒரு நிமிட வேலை. ஆறு மணி நேரத்துக்குள் அது ஆய்வகம் போய்ச் சேர வேண்டும்.

"அத்தை, அதோ பாருங்க, வடிகால் வாய்" என்று அண்ணன் மகள் கை நீட்டினாள். இந்தக் கரையில் அலைச்சறுக்குப் பழகுகிறவள் அவள். வடிகால் கடலைத் தொடும் இடத்துக்கு நேர் எதிரேதான் நீர் எடுக்கிறார்கள். இங்கே கழிவுநீருக்கு ஒரு குழாய், மழைநீருக்கு வேறொரு குழாய். முதலாவது சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. இரண்டாவது, தெருவில் கிடந்த நாய்க் கழிவையும் எண்ணெயையும் அள்ளிக்கொண்டு கடலை நோக்கி வருகிறது. மழையில்லாத நாட்களில் வடியும் நீரைப் பிடித்துச் சுத்தம் செய்ய, கடற்பாலத்துக்குப் பக்கத்திலேயே ஒரு நிலையம் இருக்கிறது. பெருமழை கொட்டினால் அது தாங்காது. அதனால்தான் மழை விட்டு 72 மணி நேரத்துக்குக் கடலில் இறங்க வேண்டாம் என்கிறார்கள்.

பாலத்துக்கு அடியில் நுழைந்து நடந்தோம். வெயிலே படாத ஈர மணல். மேலே புறாக்கள் கூடு கட்டாதிருக்க வலை. இந்தப் பாலம் 1909இல் திறக்கப்பட்டபோது அதன் முதல் வேலை உல்லாசம் அல்ல. ஊரின் சாக்கடைக் குழாயை அலைகளுக்கு அப்பால் கொண்டுபோய்விடுவது! குழாய் போய்ப் பல காலமாகிவிட்டது. ஆனாலும் கலிபோர்னியாவின் மிக அசுத்தமான கரைகளின் பட்டியலில் இந்த இடம் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கிறது.

பாட்டிலில் தேடுவது முக்கியமாக என்டரோகாக்கஸ் என்ற குடல் பாக்டீரியாவை. நோய்க்கு அதுவே காரணம் என்பதால் அல்ல. அது இருக்கும் நீரில் மலம் கலந்திருக்கக்கூடும், மலத்தோடு நோய்க் கிருமிகளும் வந்திருக்கக்கூடும் என்பதால். 97 குழிகள் கொண்ட தட்டில் நீரை ஊற்றி, 41 டிகிரி சூட்டில் ஒரு நாள் வைக்கிறார்கள். பாக்டீரியா வளர்ந்த குழிகள் புற ஊதா விளக்கில் நீலமாக ஒளிர்கின்றன. அவற்றை எண்ணிக் கணக்கிட்டு, 100 மில்லிலிட்டருக்கு 104ஐத் தாண்டினால் கரையில் எச்சரிக்கைப் பலகை வைக்கிறார்கள். மக்கள் அதிகம் வரும், பக்கத்தில் வடிகால் உள்ள கரைகளில் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை வாரம் ஒரு முறையாவது சோதித்தே ஆக வேண்டும் என்று இங்கே 1997இல் சட்டம் வந்தது. நல்ல சட்டம்.

ஆனால் அந்த ஒரு நாள்! பயறு முளைவிடக் காத்திருப்பதுபோல் தட்டின் முன்னால் காத்திருக்கும்போது, பாட்டிலில் பிடித்த கடல் எங்கோ போய்விட்டிருக்கும். பலகை வைக்கும் நேரத்தில் நீர் தெளிந்திருக்கலாம். பலகை இல்லாத நேற்றைக்கு, குழந்தைகள் அழுக்கிலேயே விளையாடியிருக்கலாம். 1995 கோடையில் இந்த விரிகுடாவில் குளித்தவர்களிடம் பின்னர் விசாரித்துப் பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. வடிகால் வாய்க்கு எதிரே குளித்தவர்களுக்கு, 400 கஜம் தள்ளிக் குளித்தவர்களைவிடக் காய்ச்சலும் வாந்தியும் காதில் நீர்வடிதலும் அதிகம் வந்திருந்தன. தாமதத்தின் விலை அப்படிப்பட்ட உடம்புகளில்தான் விழுகிறது.

அண்ணன் மகள் போனை எடுத்துக் காட்டினாள். ஹீல் த பே என்ற தன்னார்வ அமைப்பு ஸ்டான்ஃபோர்டு, யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்தினரோடு சேர்ந்து 2015 முதல் சில கரைகளுக்கு அன்றன்றைய கணிப்பைத் தருகிறது. பாக்டீரியாவை அது எண்ணுவதில்லை. பல ஆண்டு சோதனை முடிவுகளை அந்தந்த நாளின் மழை, அலை, காற்று, வெயில், ஓதம் ஆகியவற்றோடு பொருத்திப் பார்த்து, ஒவ்வொரு கரைக்கும் தனிக் கணக்கு உருவாக்கியிருக்கிறார்கள். வெயில் பாக்டீரியாவைக் கொல்லும். மேகம் மூடினால் அது பிழைத்துக் கிடக்கும். இதே சாண்டா மோனிகா கரையில் ஐந்து கணிப்பு முறைகளை ஒப்பிட்ட ஆய்வு 2014இல் வெளிவந்தது. முந்தைய சோதனை முடிவை இன்றைக்கும் நம்பும் வழக்கத்தைவிடக் கணிப்பு மேல் என்று அது காட்டியது. கணிப்பு சில நாள் தவறவும் செய்யும். தவறினாலும் அது பேசுவது இன்றைய நீரைப் பற்றி. எனக்கு அதுவே பெரிதாகப் பட்டது.

"இன்னிக்கு இங்க வேண்டாம் அத்தை. பௌர்ணமி வேற."

பௌர்ணமிக்கும் இதற்கும் என்ன? போம், வைஸ்பெர்க் என்ற இரு ஆய்வாளர்கள் தென் கலிபோர்னியாவின் 60 கரைகளை ஆராய்ந்து 2005இல் எழுதியதை அவள் சொன்னாள். பெரும்பாலான கரைகளில், அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரிய ஓதத்தின்போது என்டரோகாக்கஸ் கூடியிருந்தது. ஏறிய நீர் மேல் மணலையும் அங்கே காய்ந்து கிடக்கும் கடற்பாசியையும் பறவை எச்சத்தையும் கழுவி இறக்குவது காரணங்களில் ஒன்றாக இருக்கலாம்.

நான் நின்றுவிட்டேன். தமிழில் அந்த இரண்டு நாட்களுக்கும் 'உவா' என்ற பழைய பெயரே உண்டு. நாம் கூட்டங்கூட்டமாகக் கடலில் இறங்கும் ஆடி அமாவாசை, தை அமாவாசை, மாசி மகம் எல்லாமே அந்த நாட்களை ஒட்டியவைதான். கலிபோர்னியாவின் முடிவை அப்படியே நம் கரைக்குப் பொருத்திவிட முடியாது; மணல் வேறு, ஓதம் வேறு, வடிகால் வேறு. அதை நம் கரையிலேயே அளந்து பார்க்க வேண்டும். அந்த நாட்களில், அந்தக் கூட்டத்துக்கு முன்பே.

ஓர் ஆடி அமாவாசையன்று அம்மாவை ராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்துக்குக் கூட்டிப்போயிருந்தேன். கூட்டத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு மூன்று முழுக்குப் போட்டாள். பிறகு ஒரு கை நீரை அள்ளி, கண்ணில் ஒற்றி, கொஞ்சம் வாயிலும் விட்டுக்கொண்டாள். வேண்டாம் என்றோ, பரவாயில்லை என்றோ சொல்ல அன்று என்னிடம் எதுவும் இல்லை.